கடலோரத்தில் தனியே இரண்டு இரவுகள்

அலை பின்வாங்கும் நொடியில், கரையோரம் நிற்பவரின் குதிகாலைச் சுற்றி நீர் வேகமெடுத்து ஓடும். அந்த ஓட்டம் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்க, நிலம் மட்டும் நம்மை விட்டு நழுவுவதுபோல் இருக்கும். ஏழெட்டு அலைகள் வந்து போவதற்குள் பாதம் முழுதும் மணலுக்குள் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலை, பையை அறையில் வைத்துவிட்டு நேரே கடலுக்குப் போய், கால் புதையும் வரை அப்படியே நின்றேன். அருகில் யாரும் இல்லை. "போதும், வா" என்று அழைக்கவும் ஆளில்லை, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று நான் கேட்டுக்கொள்ள வேண்டியவரும் இல்லை. அந்த வாரம் முழுதும் நெஞ்சுக்குள் இறுகியிருந்த ஏதோ ஒன்று அங்கேதான் முதன்முதலாகத் தளர்ந்தது.

தனியாகப் போகிறேன் என்று சொன்னபோது, "ஏன், ஏதாவது பிரச்சினையா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அக்கறையில் எழுந்த கேள்வி அது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு யார்மீதும் மனத்தாங்கல் இல்லை. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடலுக்குப் போயிருக்கிறேன்; அந்த மகிழ்ச்சி வேறு. ஆனால் பலரோடு போகும்போது, கண்ணில் பட்டது மனத்தில் தங்குவதற்கு முன்பே சொல்லாக மாறிவிடுகிறது. "அதோ பார்" என்று ஒருவர் காட்ட, "ஆமாம், அழகு" என்று மற்றவர் சொல்ல, அந்தக் காட்சி பேச்சோடு முடிந்துவிடுகிறது. அன்றாட வாழ்வில் நம்மில் பலரும் களைத்துப்போவதற்கு வேலையின் அளவு மட்டும் காரணமில்லை. காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டும், எதையாவது முடிவு செய்துகொண்டும் இருக்கிறோமே, அதுதான் உள்ளுக்குள் அரிக்கிறது. கடலோரத்தில் தனியே கழிக்கும் இரண்டு நாட்களில் நான் தேடுவது இந்த இரண்டு கடமைகளிலிருந்தும் ஒரு விடுப்பு. பதில் கேட்க அங்கே யாரும் இல்லை. முடிவெடுக்கும் வேலையையோ பெரும்பாலும் கடலிடமே விட்டுவிடலாம்.

இதை நான் உடனே கற்றுக்கொள்ளவில்லை. முதன்முறை தனியாகப் போனபோது ஓர் இரவு மட்டுமே தங்கினேன். சூரிய உதயம், கலங்கரை விளக்கம், படகுப் பயணம், மாலை நடை என்று மணிக்கணக்கில் திட்டம் போட்டு, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்பியபோது, போனதைவிட அதிகக் களைப்போடு வந்து சேர்ந்தேன். அந்த ஓர் இரவிலும் தூக்கம் சரியாக வரவில்லை. அதற்கான காரணம் ஒன்றைப் பின்னால்தான் படித்தேன். 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புதிய இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இரு பாதிகளும் ஒரே அளவு ஆழமாக உறங்குவதில்லை என்பதைக் கண்டறிந்தார்கள். ஒரு பாதி சற்று விழிப்பாகவே இருந்து, பழக்கமில்லாத ஓசைகளுக்குக் காவல் காக்கிறது. புதிய இடம் பாதுகாப்பானதுதானா என்று உடம்பு தன் போக்கில் சோதித்துப் பார்த்துக்கொள்கிறது போலும். அப்படியானால் ஓர் இரவுப் பயணத்தில் நமக்குக் கிடைப்பது காவல் இரவு மட்டும்தான். ஓய்வு இரவு அதற்கு அடுத்தது. அன்றிலிருந்து இரண்டு இரவு தங்க முடியாவிட்டால் நான் கிளம்புவதில்லை.

அறையைப் பற்றி ஒரு சொல். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்ற ஆசையில் ஒருமுறை ஓர் அறையைப் பதிவு செய்தேன். கடல் தெரிந்தது, ஆனால் அதே ஜன்னலுக்குக் கீழே இருந்த ஜெனரேட்டர் இரவு முழுதும் ஓடியது. அலையோசையைக் கேட்பதற்காக இத்தனை தூரம் வந்து, ஜன்னலை இறுக மூடிக்கொண்டு படுத்த அந்த இரவை மறக்கவே முடியவில்லை. இப்போதெல்லாம் கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன், இரவில் அமைதியாக இருக்குமா என்று கேட்கிறேன். கடல் தெரியாவிட்டால் பரவாயில்லை; நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும். எங்கே தங்குகிறேன், எப்போது திரும்புவேன் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். தனிமை வேறு, யாருக்கும் தெரியாமல் இருப்பது வேறு.

பயணத்துக்கு முன் நான் ஆர்வத்தோடு பார்க்கும் ஒரே அட்டவணை, அந்தக் கரையின் ஓத நேர அட்டவணை. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதை நாள்வாரியாகச் சொல்லும் அந்தச் சிறு பட்டியல், பயணத் திட்டம் முழுவதற்கும் ஈடாகும். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். பூமி ஒரு முறை சுழன்று முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் சற்று முன்னே நகர்ந்துவிடுவதால், அதை எட்டிப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் 50 நிமிடம் தேவைப்படுகிறது. அதனால்தான் ஓத நேரமும் நாள்தோறும் அவ்வளவு தள்ளிப்போகிறது. முழுநிலவு, அமாவாசை நாட்களை ஒட்டி ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. நடப்பதற்கு அகன்ற மணல்வெளி வேண்டுமென்றால் அந்த நாட்களில் போகலாம். எல்லாக் கடலும் ஒன்றுபோல் இல்லை என்பதும் உண்மை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் நீர்மட்டம் 16 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது; மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது.

நான் போன வாரத்தில், சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணியை ஒட்டித் தாழ் ஓதம். நண்பகலுக்குச் சற்று முன் உயர் ஓதம். மாலை ஆறு மணிக்கு முன்னதாக மீண்டும் வற்றம். அவ்வளவுதான் என் திட்டம். கடல் விலகி இடம் கொடுக்கும்போது நடப்பது, ஏறி வரும்போது ஒதுங்கி அமர்வது. எதைச் செய்வது என்று நானாகத் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் அதற்குமேல் இருக்கவில்லை.

வெள்ளி இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அலையோசை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் பல ஓசைகள் இருக்கின்றன. அலை மடிந்து விழும் கனத்த ஓசை, நுரை பரவும் சீறல், நீர் பின்வாங்கும்போது கிளிஞ்சல்களும் பொடிக்கற்களும் உரசும் மெல்லிய சலசலப்பு. அலை உடையும்போது நீருக்குள் சிக்கிக்கொள்ளும் காற்று எண்ணற்ற குமிழிகளாகிறது. நாம் கேட்கும் இரைச்சலின் பெரும்பகுதி அந்தக் குமிழிகள் எழுப்புவதுதான். இரண்டு அலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. அது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், ஆனால் ஒருபோதும் சரியாக ஒரே அளவாக இருக்காது. அடுத்தது எப்போது என்று ஓரளவு தெரியும், முற்றிலும் தெரியாது. மனத்தை முழுதாகக் கட்டிப்போடாமல், முழுதாக விட்டுவிடவும் செய்யாமல், லேசாகப் பிடித்துவைத்திருக்கும் பக்குவம் அந்த ஓசைக்கு இருக்கிறது. தூக்கம் இடையிடையே கலைந்தது. முதல் இரவு அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருந்ததால், அதற்காகக் கவலைப்படவில்லை.

சனிக்கிழமை விடியலில் கடல் வெகுதூரம் விலகியிருந்தது. முந்தைய மாலை அலை அடித்த இடத்தில் இப்போது ஈர மணல் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நூறடி நடப்பதற்குள், மணல்மீது ஏதோ சிந்திக் கிடப்பதுபோல் தெரிய, குனிந்து பார்த்தேன். கடுகைவிடச் சற்றே பெரிய மணல் உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. நடுவே ஒரு சிறு துளை. அதைச் சுற்றி அந்த உருண்டைகள் கதிர் விரிந்ததுபோல் வரிசை வரிசையாக இருந்தன. அசையாமல் குத்துக்காலிட்டு அமர்ந்தேன். இரண்டு மூன்று நிமிடங்களுக்குப் பிறகு, துளையிலிருந்து சுண்டுவிரல் நகத்தளவே இருந்த ஒரு நண்டு வெளியே வந்தது. ஈர மணலைக் கொடுக்குகளால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனது. அதில் ஒட்டியிருந்த நுண்ணிய உணவைச் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை உருண்டையாக்கி ஒதுக்கியது. ஓரடி நகர்ந்து மறுபடியும் அதையே செய்தது. என் நிழல் சற்று அசைந்ததும் துளைக்குள் மறைந்தது. கடல் ஏறி வரும்போது இந்த உருண்டைகள் அத்தனையும் கரைந்துவிடும். அடுத்த வற்றத்தில் அது மறுபடி தொடங்கும். எத்தனை நேரம் அங்கே அமர்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது முழங்கால் மரத்துப்போயிருந்தது. யாராவது உடன் வந்திருந்தால், அவர்களைக் காக்க வைக்கிறோமே என்று முதல் நிமிடத்திலேயே எழுந்திருப்பேன்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் கரையை விட்டு வந்துவிட்டேன். கடற்கரை வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலக நலவாழ்வு அமைப்பு தரும் கணக்கின்படி, உலர்ந்த மணல் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், கடல் நுரை ஏறத்தாழ 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. குடைக்குள் அமர்ந்திருந்தும் முகம் கறுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நண்பகலைத் தாண்டியதும் கடற்காற்று வலுத்தது. நிலம் விரைவாகச் சூடேற, அதன்மேல் உள்ள காற்று லேசாகி எழும்புகிறது. மெதுவாகவே சூடேறும் கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப வருகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் காற்று திசை மாறி, கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். இந்த மாற்றத்தை ஒரு நாள் முழுதும் தோலில் உணர்ந்துகொண்டு இருப்பதே ஒரு பொழுதுபோக்கு என்று நான் சொன்னால், அங்கே இருந்து பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள்.

ஆனால் சனிக்கிழமை மதியம்தான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி என்பதையும் சொல்லியாக வேண்டும். காலையின் புதுமை தீர்ந்துவிடுகிறது. மாலைக்கு இன்னும் நேரமிருக்கிறது. கை தானாகவே கைபேசியைத் தேடுகிறது. செய்திகளைப் பார்க்கலாம், யாரையாவது அழைக்கலாம், பேசாமல் இன்றிரவே திரும்பிவிடலாம் என்றெல்லாம் தோன்றும். வீட்டில் செய்யாமல் விட்டுவந்த வேலைகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்து நிற்கும். இத்தனை பேருக்கு இல்லாத ஓய்வு எனக்கு எதற்கு என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். என் அனுபவத்தில் இந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாக ஓடிவந்தவர் நின்ற பின்னும் மூச்சு இரைக்குமே, அதுபோன்றதுதான் இந்தத் தவிப்பு. கைபேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். வீட்டாரிடம், இரவு எட்டு மணிக்கு ஒரு முறை அழைப்பேன் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர்களும் கவலைப்படவில்லை. பிறகு தரையில் பாயை விரித்துப் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

தனியாகப் போகிறவர்கள் கடலில் இறங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதில் அழகைவிட உயிர் பெரிது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். சில இடங்களில் அது ஒரு குறுகிய வழியில் திரண்டு, கரையிலிருந்து கடலை நோக்கி ஆறுபோலப் பாய்கிறது. இந்த இழுவை நீரோட்டம் பார்வைக்கு ஆபத்தானதாகவே தெரியாது. இருபுறமும் வெண்ணுரையோடு அலைகள் உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையின்றி, சற்றுக் கருமையாக, அமைதியாகத் தெரியும். பழகாதவர்கள் அந்த அமைதியைப் பார்த்துத்தான் அங்கே இறங்குகிறார்கள். அதன் வேகம் சில நேரங்களில் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். தேர்ந்த நீச்சல் வீரராலும் அதை எதிர்த்துக் கரை சேர முடியாது. அதில் சிக்கியவர்களில் பலர், இழுப்பை எதிர்த்து நீந்தி நீந்திச் சோர்ந்துதான் மூழ்குகிறார்கள். நீரோட்டம் நம்மைக் கடலின் மேற்பரப்பில் வெளியே கொண்டுபோகுமே தவிர, நீருக்கடியில் இழுப்பதில்லை. அதனால் பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியேறிய பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். பல கரைகளில் தாழ் ஓத நேரத்தில் இந்த இழுப்பு கூடுதல் வலுவோடு இருக்கும். உயிர்க்காவலர் இல்லாத கரையில் தனியாக இருக்கும்போது நான் கணுக்காலுக்கு மேல் நனைவதில்லை. இந்த ஒரு விதியில் மட்டும் நான் கடலோடு பேரம் பேசுவதில்லை.

மாலையில் கடல் மறுபடி விலகிய நேரத்தில் நடந்து போய் மணலில் அமர்ந்தேன். நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த நிலத்தையும் நெய்தல் என்று பெயரிட்டு, அதற்குரிய சிறுபொழுதாக எற்பாட்டையும், உரிய உணர்வாக இரங்கலையும் வைத்தார்கள். எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் சாய்தல். பொழுது சாயும் நேரத்தில் கடலோரத்தில் தனியாக அமர்ந்திருக்கும் எவருக்கும், அந்தச் சேர்க்கை எத்தனை சரியானது என்று விளங்கும். அந்த நேரத்தில் இனம்புரியாத ஒரு வருத்தம் வந்துதான் தீரும். இல்லாதவர்கள் நினைவுக்கு வருவார்கள். சொல்லாமல் விட்டது நினைவுக்கு வரும். முன்பெல்லாம் அது வந்தவுடன் எழுந்து அறைக்குப் போய்விடுவேன். இந்த முறை எழவில்லை. மறைந்துபோன ஒருவரின் குரல், அவர் என் பெயரைச் சற்று நீட்டி அழைக்கும் விதம், தெளிவாகக் காதுக்குள் கேட்டது. அழுகை வந்தது, அழுதேன். மறைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வேலைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அவருக்காக ஒதுக்க முடியாமல் போயிருந்த நேரம் அது என்று பிறகு தோன்றியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தேன். நீர்விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. மணலில் அமர்ந்துவிட்டால் கண் தாழ்வதால், அது மூன்று கிலோமீட்டரை ஒட்டி நெருங்கி வந்துவிடும். முடிவில்லாதது என்று நாம் சொல்லும் அந்தக் கோடு, உண்மையில் ஒரு மணி நேர நடைத் தொலைவுகூட இல்லை. ஆனால் அதைத் தாண்டி வரும் அலைகளின் பயணமோ நம் கற்பனைக்குள் அடங்காது. 1963-இல் வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் பசிபிக் பெருங்கடலில் வரிசையாகக் கருவிகளை அமைத்து, தென்கோடிப் புயல்களில் பிறந்த அலைகள் 10,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து அலாஸ்காக் கரை வரை சென்று சேர்வதைப் பதிவு செய்தார்கள். அத்தனை தூரம் பயணம் செய்வது தண்ணீர் அல்ல. தண்ணீர் ஏறத்தாழ தன் இடத்திலேயே வட்டமாகச் சுழன்று அமைகிறது, ஆற்றல் மட்டுமே கைமாறிக் கைமாறிப் போகிறது. என் காலடியில் வந்து நுரைத்த அந்தச் சிறு அலையும், எங்கோ நான் அறியாத ஒரு கடற்பரப்பில், சில நாட்களுக்கு முன் வீசி ஓய்ந்த காற்றின் மிச்சமாக இருந்திருக்கக்கூடும். அந்தக் காற்று இப்போது இல்லை. அலை வந்துகொண்டிருந்தது. இருட்டும் வரை அங்கேயே இருந்தேன். எட்டு மணிக்கு வீட்டுக்கு அழைத்து, நன்றாக இருக்கிறேன் என்றேன். அது உண்மையாகவே இருந்தது.

இரண்டாம் இரவு, படுத்ததுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தாழ் ஓதம் ஆறேகால் மணிக்கு. முந்தைய நாளைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தள்ளி. அதற்கேற்ப நானும் தாமதமாகத்தான் எழுந்தேன், கடிகாரம் வைக்காமலேயே. நேற்று அமர்ந்த இடத்தைத் தேடிப் போனேன். என் காலடித் தடமும் இல்லை, அந்த உருண்டைகளும் இல்லை. மணல் முழுதும் வழித்துவிட்டதுபோல் இருந்தது. அதன்மேல் புதிய துளைகள், புதிய உருண்டைகள். அதே நண்டுதானா என்று அறிய வழியில்லை. நேற்றுப் போலவே குத்துக்காலிட்டு அமர்ந்தேன். இம்முறை முழங்கால் மரத்துப்போகும் முன்பே, நிழல் படாத பக்கமாக மாறி அமர்ந்துகொண்டேன். நீர் திரும்பி வரத் தொடங்கி, முதல் வரிசை உருண்டைகளைத் தொட்டுக் கரைத்தபோது எழுந்து அறைக்குப் போய்ப் பையைக் கட்டினேன். பதினொரு மணிக்குப் பேருந்து. கடல் அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது.